கயாக்கை எங்கே இறக்குவது: முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுப் பாலத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. அதில் ஓரிடத்தில், துடுப்பால் செலுத்தும் சிறு படகுகளான கயாக்குகள் மூன்றை விடியலில் இறக்கி, கரையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் தூண்டில் போட்டு, காலை 10 மணிக்குள் ஏறிவிட வேண்டும் என்பது எங்கள் திட்டம். காலம் மார்ச் மாதத் தொடக்கம். மூவருக்கும் ஏரியிலும் கழிமுகத்திலும் துடுப்புப் போட்ட பழக்கம் நன்றாக உண்டு. அலை உடையும் கரையைக் கடந்து திறந்த கடலுக்குப் போய்வந்த அனுபவம் இருவருக்கே இருந்தது. என்ன மீன் கிடைத்தது என்பது இங்கே பெரிய செய்தியில்லை. இறங்குமிடத்தை எப்படித் தேடினோம், எவற்றை எந்தக் காரணத்தால் ஒதுக்கினோம், தேர்ந்த இடம் கடலில் எங்கள் கணக்குக்கு ஒத்துவந்ததா என்பதையே பதிவு செய்கிறேன்.

தேடத் தொடங்கிய சில நாள்களிலேயே ஒன்று தெளிவாகிவிட்டது. சோழமண்டலக் கரையில் விடியற்காலையில் கடலுக்குள் இறங்குவது பெரும்பாலும் கைகூடும் காரியம். சிக்கல் முழுவதும் திரும்பி ஏறுவதில் இருக்கிறது. ஆகவே இறங்குமிடம் என்று ஒன்றைத் தனியாகத் தேடிப் பயனில்லை. இங்கே இறங்கினால் மூன்று மணி நேரம் கழித்து எங்கே ஏற நேரும், அந்த இடம் ஏறத் தக்கதா என்று ஒவ்வோர் இடத்தையும் இணையாகவே மதிப்பிட வேண்டும். இனி வரும் தீர்ப்புகள் எல்லாம் இந்த ஓர் அளவுகோலை வைத்து எடுத்தவை.

கரையின் இயல்பு

இந்தக் கரையில் ஒதுங்குவதற்கு வளைகுடாவோ உள்வாங்கிய துறையோ கிடையாது. வடக்கு தெற்காக நேராக ஓடும் மணற்கரை. அதில் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மட்டும் நிலம் சற்றே கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கிறது. ஓதம் இங்கே பெரிய காரணி இல்லை. அமாவாசை, பௌர்ணமி நாள்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 1 மீட்டரை ஒட்டியே இருக்கும். குஜராத்தின் காம்பட் வளைகுடாவில் கயாக் இறக்குபவர் ஓத அட்டவணையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே நீர்மட்டம் 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். நாங்கள் அந்த அட்டவணைக்குக் கடைசி இடம் கொடுத்தோம். கழிமுக வாய்களுக்கு மட்டும் அது தேவைப்பட்டது.

முதலிடம் பெற்றவை மூன்று. ஒன்று காற்று. மார்ச் மாதத்தில் விடியலில் மேற்கிலிருந்து மெல்லிய கரைக்காற்று வீசும்; அது அலையின் முகத்தைத் தட்டையாக்கிக் கடலை ஏரிபோலக் காட்டும், அதே சமயம் துடுப்பை ஓய்வாகப் பிடித்திருப்பவரை அவர் அறியாமலே கடலுக்குள் நகர்த்தும். வெயில் ஏறித் தரை சூடானதும் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று புகும். சில நாள் 11 மணிக்கே வந்துவிடும், சில நாள் 1 மணி ஆகும். வந்த அரை மணி நேரத்தில் நீர்ப்பரப்பு முழுவதும் குட்டையான, நெருக்கமான அலைகள் எழும்பி, காலையில் இறங்கிய அதே இடம் ஏறுவதற்கு வேறு இடமாகிவிடும். 10 மணிக்குள் கரை என்ற கட்டுப்பாடு அதனால் வந்தது.

இரண்டாவது, நீரோட்டம். கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் பெருநீரோட்டம் ஆண்டில் இருமுறை திசை மாறுகிறது. பிப்ரவரி தொடங்கித் தென்மேற்குப் பருவக்காலம் முடியும்வரை பெரும்பாலும் வடக்கு நோக்கி ஓடும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அதற்கு வேகம் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர், ஜனவரி வரை தெற்கு நோக்கித் திரும்பும். தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி வெள்ளம் என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி வெள்ளம் என்றும் சென்னைக் கரை மீனவர் சொல்வார்கள். வலையைப் போடும் இடம் ஒன்று, எடுக்கும் இடம் ஒன்று என்று அவர்கள் முன்கூட்டியே கணக்கிடுவது இதனால்தான். மீன் ஏற்றிய கயாக் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் போகும். எதிரே 1.5 கிலோமீட்டர் வேக வெள்ளம் இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். களைத்த கைகளோடு அந்தக் கணக்கில் இறங்க நாங்கள் விரும்பவில்லை; வெள்ளம் போகும் திசையிலேயே ஏறுவது என்று முடிவு செய்தோம்.

மூன்றாவதைத்தான் புதிதாக வருபவர்கள் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், நாள்தோறும் வெளியிடும் முன்னறிவிப்பில் அலையின் உயரத்தோடு, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே கடக்கும் நேரமான அலை இடைவெளியும் வினாடிக் கணக்கில் இருக்கும். உயரத்தைப் பார்த்து நிம்மதியடைந்துவிட்டு இடைவெளியை விட்டுவிடுவது ஆபத்து. 0.6 மீட்டர் உயரத்தில் 7 வினாடி இடைவெளி கொண்ட அலை, உள்ளூர்க் காற்று எழுப்பியது. கயாக் அதைத் தாண்டிவிடும். அதே 0.6 மீட்டர் உயரத்தில் 16 வினாடி இடைவெளி என்றால் அது இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கோ அடித்த புயலிலிருந்து கிளம்பி வரும் நீண்ட அலை. ஆழத்தில் தெரியாமல் வந்து, கரையில் ஆழம் குறைந்ததும் எழும்பி, மொத்த எடையோடு மணலில் விழும். கள்ளக்கடல் என்று கேரளத்திலும் குமரியிலும் அஞ்சப்படுவது இந்த வகை அலைதான். 2024 மே 6ஆம் தேதி குமரி மாவட்டக் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐவர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தபோது அதற்கான இன்காய்ஸ் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. இடைவெளி 12 வினாடிக்கு மேல் காட்டினால் எந்த இடமானாலும் பயணம் இல்லை என்று முன்னரே எழுதி வைத்துக்கொண்டோம். 12 என்பது எங்கள் திறமைக்கு நாங்கள் வைத்துக்கொண்ட எல்லை. மற்றவருக்கு அது வேறாக இருக்கலாம்.

வரைபடத்தின் செல்லப்பிள்ளை

செயற்கைக்கோள் படத்தை விரித்தவுடன் கண்ணில் படுவது முட்டுக்காடு. அகலமான உப்பங்கழி, சாலையை ஒட்டிய கரை, வண்டி நிறுத்த வசதி, 1984 முதல் இயங்கும் அரசுப் படகுக் குழாம், கழியிலிருந்து கடலுக்குப் போகும் வாய். அமைதியான நீரில் இறங்கி, வாய் வழியாகக் கடலுக்குப் போய், அதே வழியில் திரும்பலாம் என்று படம் ஆசை காட்டுகிறது. இந்தக் கரையில் கயாக்கோடு வருபவர் எவரும் முதலில் இதைத்தான் கேட்பார்.

பழைய ஆண்டுகளின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது அந்த ஆசை அடங்கியது. மழைக்காலத்தில் வாய் அகலமாகத் திறந்திருக்கிறது. கோடை நெருங்க நெருங்க மணல்திட்டு இரு பக்கமும் வளர்ந்து அதைக் குறுக்குகிறது. சில ஆண்டுகளில் முற்றாக அடைத்தே விடுகிறது. நேரில் போய்ப் பார்த்த நாளில் வாய் திறந்துதான் இருந்தது, ஆனால் நடுவில் முழங்கால் ஆழம்கூட இல்லை. திட்டின் வெளிமுனையில் மூன்று வரிசையாக அலை உடைந்துகொண்டிருந்தது. ஓதம் வற்றும் நேரத்தில் கழிநீர் வெளியே பாய்வதும் கடல் அலை உள்ளே வருவதும் அங்கே மோதுகின்றன. அப்போது அலை செங்குத்தாக நிமிர்ந்து, எந்தத் திசையில் விழும் என்று சொல்ல முடியாதபடி உடைகிறது. வெளியே போகும்போது வெள்ளமே தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பும்போது அதே வெள்ளம் எதிரே நிற்கும், பின்னாலிருந்து அலை அடிக்கும். ஏறுமிடமாக இதைவிட மோசமான ஒன்றை இந்த 20 கிலோமீட்டரில் காட்ட முடியாது. கழிக்குள்ளேயே துடுப்புப் போட முட்டுக்காடு நல்ல இடம். கடலுக்கு அதை வாசலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

கரையில் கிடக்கும் படகுகள்

படத்தில் அடுத்துத் தேடியவை, மணலில் ஏற்றி வைத்திருக்கும் படகுகள். ஒரு குப்பத்தின் படகுகள் எங்கே வரிசையாகக் கிடக்கின்றனவோ அங்கே ஏறி இறங்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. பல தலைமுறையாகத் தேர்ந்த இடம் அது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் படகுகள் நிலமுனைக்கு வடக்கே கிடக்கின்றன. தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் அலை முனையில் மோதி, வளைந்து, வலுக்குறைந்துதான் வடபக்கம் வந்து சேர்கிறது. கோவளத்தில் அலைச்சறுக்கு விளையாட்டு வளர்ந்ததும் முனையைச் சுற்றி அலை வளைந்து உடையும் இந்த அமைப்பினால்தான்.

எனினும் படகுச் சான்றை அப்படியே ஏற்பதில் ஒரு குறை இருக்கிறது. அதை நெம்மேலிக்கு அருகில் நின்று பார்த்தபோது உணர்ந்தோம். நான்கு பேர் ஒரு ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டு நீரின் விளிம்பில் நின்றார்கள். முன்னால் இருவர் விளிம்பைப் பிடித்து முகப்பை அலைக்கு நேராக வைத்திருக்க, பின்னால் இருவர் தோளைக் கொடுத்திருந்தார்கள். பெரிய அலைகள் அடுத்தடுத்து விழுந்து முடியும்வரை யாரும் அசையவில்லை. கடைசி அலையின் நீர் மணலில் பின்வாங்கத் தொடங்கிய அந்தக் கணத்தில் தள்ளினார்கள். படகு அந்த நீரோடு சேர்ந்து இறங்கியது. பின்னால் இருந்தவர் ஏறியதும் எஞ்சினின் நீண்ட தண்டை நீரில் விட்டார். அடுத்த பெரிய அலை எழுவதற்குள் படகு உடையும் வரிசையைத் தாண்டியிருந்தது. எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் இருக்காது. கயாக்குக்கு அதே தொலைவைக் கடக்க ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டும். அதற்குள் அடுத்த தொகுதி அலை வந்துவிடும். எஞ்சின் படகு ஏறி இறங்கும் இடமெல்லாம் கயாக்குக்குத் தோதான இடம் ஆகிவிடாது என்பது அங்கே விளங்கியது.

கயாக்கின் உண்மையான உறவு எஞ்சின் இல்லாத ஒற்றை ஆள் கலம். கட்டுமரம் அருகிவிட்ட இந்நாளிலும், தெர்மாகோல் பலகைகளைக் கட்டி வலைச்சாக்கால் சுற்றிய சிறு தெப்பங்களில் கைத்துடுப்போடு போய் நண்டு வலையும் கரையோர வலையும் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தெப்பங்கள் எங்கே சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் செயற்கைக்கோள் படம் காட்டாது. கரையில் நடந்தால்தான் தெரியும். நடந்தோம். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே உள்ள குப்பத்தில் அவை படகுகளுக்கு இடையிலேயே கிடந்தன. வேறு சில குப்பங்களில் பெரிய படகுகள் மட்டுமே இருந்தன. எங்கள் தேர்வை இந்த ஒரு கவனிப்பு பாதி முடித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

ஒதுக்கியவையும் வைத்துக்கொண்டவையும்

கோவளம் கடைசிவரை போட்டியில் இருந்தது. முனையின் மறைவு உண்டு, சாலை கரைவரை வருகிறது, வண்டியிலிருந்து நீருக்குச் சுமக்கும் தூரம் குறைவு. ஆனால் 2021இல், தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை என்பதால் குளிப்பவர் கூட்டமும், அலைச்சறுக்குப் பலகைகளும் காலை 7 மணிக்கே நீரில் நிறைந்துவிடுகின்றன. 35 கிலோ எடையுள்ள கயாக் அலையில் கட்டுப்பாடிழந்து ஒருவர் மேல் மோதினால் எலும்பு முறியும். இதைவிடப் பெரிய காரணம், வெள்ளம் வடக்கே ஓடும் மார்ச்சில் கோவளத்திலிருந்து நகரும் கயாக் போய்ச் சேருமிடம் முட்டுக்காட்டு வாய் என்பது. இறங்குமிடம் நன்றாக இருந்தும் ஏறுமிடத்தால் கோவளம் விழுந்தது.

திருவிடந்தையிலிருந்து வடநெம்மேலி வரை கரை வெறிச்சென்று இருக்கிறது, ஒதுங்க ஒன்றுமில்லை. சவுக்குத் தோப்புகளுக்கும் வேலியிட்ட தனியார் மனைகளுக்கும் நடுவே கடலுக்குப் போகும் வழிகள் சிலவே. அங்கிருந்து நீரைத் தொட 300 மீட்டர்வரை தளர்ந்த மணலில் சுமக்க வேண்டும். சக்கரத் தாங்கி உதவும், ஆனால் குறுகலான சக்கரம் காய்ந்த மணலில் புதைந்துபோகிறது. அகன்ற பலூன் சக்கரம் இருந்தால் மட்டுமே பயன். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் உள்ள நெம்மேலிப் பகுதியில் கரையரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைக் கற்கள் இருப்பதால் அங்கே ஏறும் எண்ணத்தையே விட்டுவிட்டோம்.

பட்டிபுலம், சாளுவன்குப்பம், தேவனேரி மூன்றையும் இறங்குமிடமாக ஒதுக்கி, ஏறுமிடமாக வைத்துக்கொண்டோம். கரை திறந்ததுதான், ஆனால் சுத்தமான மணல், சாலை அருகில், ஆள் நடமாட்டம் உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே பார்க்கவே இல்லை: கொக்கிலமேட்டுக் கழிமுகமும், அதற்கும் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய பாதுகாக்கப்பட்ட பகுதியும் அந்தத் திசையை மூடிவிட்டன.

எஞ்சியது மாமல்லபுரத்தின் வடபக்கக் குப்பம். தெற்கே கோயில் முனையின் மறைவு இருக்கிறது. வடக்கே ஓடும் வெள்ளம் முனைப் பாறைகளிலிருந்தும் கல்பாக்கத்திலிருந்தும் எங்களை விலக்கிக்கொண்டே போகும். அது கொண்டுபோகும் வழியில் முதலில் தேவனேரி, அப்புறம் சாளுவன்குப்பம், அப்புறம் பட்டிபுலம் என்று ஏறத் தக்க மணற்கரை தொடர்ச்சியாக இருக்கிறது. எங்கே களைத்தாலும் மேற்கே திரும்பினால் போதும்.

கேட்டுப் பெற்றது

கரை யாருக்கும் சொந்தமில்லை என்று சட்டம் பேசிக்கொண்டு குப்பத்து மணலில் வண்டியை நிறுத்துவது நாகரிகமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. முதல் நாள் மாலை பஞ்சாயத்தாரைப் பார்த்துச் சொன்னோம். எத்தனை பேர், எந்த நேரம், எதுவரை போவோம், வலை ஏதும் கொண்டுவரவில்லை, தூண்டில் மட்டுந்தான் என்பதைக் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் திருப்பிச் சொன்னவை எந்த வரைபடத்திலும் இல்லாதவை. விடியலில் கரைக்கு இணையாகப் போட்டிருக்கும் செவுள்வலைகளின் மிதவை எந்த நிறம், எந்தப் பக்கம் சுற்றிப் போக வேண்டும் என்று ஒருவர் விளக்கினார். தேவனேரிப் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் இரு கயிற்றுக்கும் நடுவே ஏறக் கூடாது, வடக்கே தள்ளிப் போய்த்தான் ஏற வேண்டும் என்றார் இன்னொருவர். தெண்டி எடுத்துவிட்டது, இறங்கிய இடத்துக்கே திரும்பலாம் என்று எண்ண வேண்டாம் என்பதும் அவர்களே சொன்னது. எங்கள் கணக்கு அதோடு உறுதியானது.

கடலோரக் காவல் நிலையத்திலும் பெயர்களையும் திரும்பும் நேரத்தையும் தெரிவித்தோம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கரையில் அறிமுகமில்லாத கலம் எதுவாக இருந்தாலும் விசாரிக்கப்படும். முன்பே சொல்லிவிட்டால் காலைப் பொழுது வீணாகாது. கடலோரக் காவல் உதவிக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற எண்களைக் கைப்பேசியில் பதிந்ததோடு கரையில் வண்டியோடு காத்திருக்கும் நண்பரிடமும் கொடுத்தோம். 10.30 மணிவரை தகவல் இல்லையென்றால் அவர் யாரையும் கேட்காமல் அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இன்னொரு வேண்டுகோளும் குப்பத்தில்தான் வந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. மாணவர் அமைப்பினர் 1988 முதல் சென்னைக் கரையில் இரவு நடை போய் முட்டைகளைக் காத்து வருகிறார்கள். இருட்டில் வண்டி விளக்கைக் கடல் பக்கம் அடிக்காமல் இருப்பதும், கயாக்கை மணல்மேட்டில் இழுக்காமல் தூக்கிப் போவதும், சக்கரம் பதித்த பள்ளத்தைக் காலால் தூர்த்துவிடுவதும் எங்களுக்குக் கூடுதலாகச் சில நிமிடங்களே. குஞ்சுகள் அந்தப் பள்ளத்தில் விழுந்தால் ஏற முடியாமல் அதன் வழியே நடந்து நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும்.

கடலில்

அன்றைய முன்னறிவிப்பு அலை உயரம் 0.5 மீட்டர், இடைவெளி 8 வினாடி. 6 மணிக்குச் சற்று முன் இறங்கினோம். தூண்டில் கோல்கள், மீன் காட்டும் கருவி எல்லாவற்றையும் கயாக்கின் உள்ளறையில் வைத்துக் கட்டிய பிறகே நீரில் வைத்தோம். அலை உடையும் இடத்தில் மேலே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முனையின் மறைவு எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. உடையும் வரிசை ஒன்றுதான், அதுவும் இடுப்பளவு. மூவரும் நனைந்தோம், எவரும் கவிழவில்லை.

கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் நின்று, துடுப்பை நிறுத்தி, கருவியால் நகர்வை அளந்தோம். மணிக்கு 1.2 கிலோமீட்டர், வடக்கு நோக்கி. கருவி இல்லாதவர்களுக்கும் இந்தக் கரை ஒரு வழி தருகிறது. கரைக்கு அருகே கடற்கரைக் கோயிலும் அதற்குப் பின்னால் குன்றின் மேல் கலங்கரை விளக்கமும் தெரிகின்றன. இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்போது ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தால், வடக்கே நகர நகரக் கோயில் விளக்கத்துக்கு இடப்பக்கமாக விலகிப்போவது கண்ணுக்கே தெரியும். நாங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். கருவி சொன்னதும் கோயில் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. மூன்று மணி நேரத்தில் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் என்றால் ஏறுமிடம் தேவனேரியைத் தாண்டிச் சாளுவன்குப்பத்தை நெருங்கிவிடும். காத்திருந்த நண்பருக்கு அப்போதே சொல்லி வண்டியை அங்கே வரச் செய்தோம்.

கடலடியில் கல் பரவிய பார் ஒன்றின் மேல் நகர்ந்தபோது சீலா மீனும் நடுத்தர அளவில் ஒரு பாறை மீனும் கிடைத்தன. செவுள்வலை மிதவைகள் சொன்ன இடத்தில் இருந்தன. 8.30 மணிக்கே கரைக்காற்று ஓய்ந்து நீர் கண்ணாடிபோல ஆனது. காற்று மாறப் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று எண்ணித் தூண்டிலைச் சுருட்டினோம்.

ஏறுவதில்தான் பாடுபட்டோம். சாளுவன்குப்பத்துக்குத் தெற்கே கரைச் சரிவு மாமல்லபுரத்தைவிடச் செங்குத்து. முனையின் மறைவு அங்கே எட்டவில்லை. அலை கரைக்கு மிக அருகில் வந்து ஒரேயடியாக விழுந்தது. உடையும் வரிசைக்கு வெளியே நின்று ஒரு தொகுதி முழுவதையும் போகவிட்டு, கடைசி அலையின் முதுகைத் தொடர்ந்து ஒவ்வொருவராக வந்தோம். முதலில் வந்தவர் முழங்கால் ஆழத்தில் கடல் பக்கமாகக் குதித்துக் கயாக்கைக் கரைக்குத் தள்ளினார். கயாக்குக்கும் கரைக்கும் நடுவே ஒருபோதும் நிற்கக் கூடாது, அடுத்த அலை அதைத் தூக்கி முழங்காலில் அடிக்கும். இரண்டாமவர் ஓர் அலை தாமதித்ததால் கயாக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. எல்லாம் உள்ளே கட்டியிருந்ததால் இழப்பு ஒரு தொப்பி மட்டுமே. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் இருவர் ஓடிவந்து பிடித்துக் கொடுத்தார்கள். அப்போது மணி 9.40.

தேர்வு சரியாக இருந்ததா

இறங்குமிடத்தைப் பொறுத்தவரை ஐயமில்லை. ஏறுமிடத்தைப் பற்றிச் சொல்வதானால், திசை சரி, தூரம் சற்று அதிகம். முனையின் மறைவு தேவனேரியோடு தேய்ந்துவிடுகிறது என்பது ஏறிய பிறகே உறுதிப்பட்டது. ஆகவே கடலில் செலவிடும் நேரத்தைக் குறைத்துத் தேவனேரிக்குத் தெற்கேயே ஏறுவது, அல்லது தொடக்கத்தில் வெள்ளத்துக்கு எதிராக அரை மணி நேரம் துடுப்புப் போட்டுத் தெற்கே ஏறிக்கொண்டு அங்கிருந்து நகர்ந்து வருவது என்ற இரண்டில் ஒன்றைக் கைக்கொள்ள வேண்டும். இரண்டாவது வழியில் முனைப் பாறைகளுக்கு வெளியே நன்றாகத் தள்ளிப் போக வேண்டியிருக்கும் என்பதால் எனக்கு முதல் வழியே உகந்ததாகத் தோன்றுகிறது. உடனிருந்தவர்களில் ஒருவருக்கு இதில் உடன்பாடில்லை. கை களைக்காத காலையில் எதிர்நீச்சல் போட்டுவிடுவதே மேல் என்பது அவர் கட்சி.

இந்தத் தேர்வு பிப்ரவரி பிற்பாதி முதல் ஏப்ரல் வரைக்கு மட்டுமே பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது என்றாலும், அந்த வாரங்களில் தென்காற்று வலுத்து, நீண்ட அலையும் அடிக்கடி வருவதால் 12 வினாடி எல்லையே பெரும்பாலான நாள்களை அடித்துவிடும். அக்டோபருக்குப் பின் நிலைமை தலைகீழ். வன்னி வெள்ளம் தெற்கே இழுக்க, வடகிழக்கிலிருந்து வரும் அலைக்குக் கோயில் முனை எந்த மறைவும் தராது. மாமல்லபுரத்தில் இறங்கியவர் முனைப் பாறைகளைக் கடந்து கொக்கிலமேட்டுக் கழிமுகத்தையும் அதற்கப்பால் கல்பாக்கத்தையும் நோக்கிப் போவார். அந்தப் பருவத்துக்குச் சாளுவன்குப்பத்தில் இறங்கி மாமல்லபுரத்தில் ஏறுவது என்று இணையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். செங்குத்தான அந்தச் சரிவில் கிளம்ப வேண்டியிருப்பதும், ஏறுமிடத்தைத் தவறவிட்டால் அடுத்து மிஞ்சுவது பாறைகள் மட்டுமே என்பதும் சேர்ந்து அதை அடித்துவிட்டன. அக்டோபர் முதல் ஜனவரி வரைக்கு இந்த 20 கிலோமீட்டரில் எங்களிடம் இறங்குமிடம் இல்லை. அந்த மாதங்களில் முட்டுக்காட்டுக் கழிக்குள்ளேயே துடுப்புப் போடுகிறோம்.